எண்ணக் குறிப்பு எழுதவே மாட்டேன் என்பவரிடம் சிபிடியை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி (பயிற்சி ஆலோசகர்):
வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பதை நெருங்குகிறார். மேனேஜர் கூப்பிட்டாலே படபடப்பு, ராத்திரி 2 மணிக்கு முழிப்பு. இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். மூன்று அமர்வு முடிந்தும் எண்ணக் குறிப்புத் தாளை (படபடப்பு வரும்போது மனதில் ஓடுவதை எழுதும் தாள்) வெறுமையாகவே மடித்துக் கொண்டுவருகிறார். "எழுத என்ன இருக்கு மேடம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1:
ஏழு கட்டம் போட்ட தாளா கொடுத்தீர்கள்? நாள் முழுக்க ஃபார்மோடு மல்லுக்கட்டுகிற மனிதர், பாவம். மூன்று போதும்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது. முதல் தடவை அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள். "வேலை போயிடும்" என்று வந்தால் "அப்படியெல்லாம் ஆகாது" என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள், அது சிபிடி இல்லை; போன மாதம் மேனேஜர் எத்தனை முறை கூப்பிட்டார், அதில் எத்தனை முறை திட்டு விழுந்தது என்று அவரையே எண்ண விடுங்கள். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறையே நோயாளியோடு சேர்ந்து ஆராய்வதுதான், வாதாடுவது அல்ல.

பதில் 2:
நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன், அதாவது சிகிச்சைக்குப் போனவன். வீட்டில் யாராவது தாளைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்புறம் பஸ்ஸில் வரும்போது போனில் முணுமுணுத்துப் பதிவு செய்தேன், அது சரிப்பட்டது.

பதில் 3:
டார்கெட் நிஜமாகவே தாங்க முடியாததா என்றும் பாருங்கள். அப்படியென்றால் எண்ணத்தை மாற்றி என்ன பயன், பிரச்சினையைத் தீர்க்கும் வழியைத்தான் பேச வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 14416 கையில் கொடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை சார். வியாழக்கிழமை வருகிறார், கேட்கிறேன்.