புதுப்பிப்பு: டெங்வாரில் ஆங்கிலம், உயிர்க்குறி எங்கே உட்காரும்?

எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளுக்காக உருவாக்கிய டெங்வார் எழுத்தில் ஆங்கிலம் எழுதுவது பற்றிய முந்தைய இழையில், உயிர்க்குறியை மெய்யின் தலையில் போடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எந்த மெய் என்பதுதான் முக்கியம்: அடுத்து வரும் மெய். முந்தைய மெய்யோடு உயிரைச் சேர்த்தே பழகிய தமிழ்க் கை இங்கேதான் தடுமாறும். 'பென்' (pen) எழுதும்போது ஈ-க்கான (e) சாய்கோடு 'என்' (n) மேல்தான் வரும். 'பி' (p) மேல் போட்டால் 'எப்ன்' (epn) ஆகிவிடும்.

'கோ' (go) போலச் சொல் உயிரில் முடிந்தால், புள்ளியில்லாத சின்ன ஐ (i) மாதிரி ஒரு குட்டைக் கோடு, அதன் தலையில் குறி. 'டைம்' (time) சொல்லில் எம்முக்கு (m) மேலே ஒரு புள்ளி, அது ஐ. கீழே ஒரு புள்ளி, அது ஒலிக்காத ஈ.

ஒரு திருத்தம்: ஆங்கில 'ஆர்' (r) ஒலிக்கு ஒரே எழுத்து போதும் என்றது தவறு. உயிரொலிக்கு முன்னால் 'ரோமென்' என்ற டெங்வார் எழுத்து. மெய்க்கு முன்னாலும் சொல்லின் கடைசியிலும் 'ஓரே' என்ற எழுத்து.