தனிமைப்படுத்தலா, செறிப்பா, நிறுத்திவைப்பா: பிணையப் பாடநூலுக்கு ஒரு சொல்

அன்புடைய குழுவினர்க்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பிணையப் பாதுகாப்புச் செய்முறை நூலின் ஏழாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அவ்வியலில் பக்கந்தோறும் வரும் ‘குவாரண்டைன்’, அதாவது ஐயத்துக்குரிய கணினியைச் சரிபார்க்கும்வரை பிணையத்தில் தள்ளி வைக்கும் ஏற்பாடு, மட்டும் இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டதற்கு இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். சொற்பிறப்பு குறித்து எழுதியவர்களில் பலர் அந்த ஏற்பாடு உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தொடாமலே சென்றுவிட்டதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரிப் பிணையத்தில் ஒரு மடிக்கணினியை இணைத்ததும், எனக்கொரு முகவரி வேண்டும் என்று அது டிஎச்சிபி (கணினிகளுக்குப் பிணைய முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை) வழியே எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. அது பதிவு பெற்ற கணினி, அதன் பாதுகாப்பு மென்பொருள்கள் முறையாக உள்ளன என்று தெரிந்தால், வழங்கி (சர்வர்) அதற்கு வழக்கமான முகவரியைத் தருகிறது. தெரியாவிட்டாலும் முகவரியை மறுப்பதில்லை; வேறொரு தொகுப்பிலிருந்து எடுத்துத் தருகிறது. மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் சர்வர் 2008-இல் கொண்டுவந்த முறையில், அந்த முகவரியோடு 255.255.255.255 என்ற மறைப்பு (எந்த முகவரிகள் தன் அக்கம்பக்கம் என்று கணினிக்குச் சொல்லும் எண்) வரும், வெளியே செல்லும் வழியான இயல்பு நுழைவாயில் வராது, பழுது நீக்கும் வழங்கிகளுக்கு மட்டும் தனித்தனியே வழிகள் எழுதித் தரப்படும். பக்கத்து மேசையில் உள்ள கணினிக்குக்கூட அதற்கு வழி தெரியாது. தன்னைச் சரிசெய்துகொள்ளும் இடத்துக்கு மட்டும் தெரியும். அம்முறை 2016 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், நம் நூல் கியா என்னும் கட்டற்ற வழங்கியில் ‘அறிந்த கணினி’, ‘அறியாத கணினி’ என இரு வகுப்புகளை அமைத்து இதே கருத்தை விளக்குகிறது.

ஆகவே ‘தனிமைப்படுத்தல்’ எனக்கு ஏற்புடையதன்று. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பதும், நோயாளியோடு பழகியவரை நோய் உண்டா இல்லையா என்று தெரியும்வரை தள்ளி வைப்பதும் மருத்துவத்தில் வெவ்வேறு செயல்கள். 2020-இல் சென்னையில் வீட்டுக்கு வீடு ஒட்டிய அறிவிப்புகளின் காலத்தில் இரண்டுமே நம் பேச்சில் தனிமைப்படுத்தல் ஆயின. அந்தக் குழப்பத்தை இங்கும் கொண்டுவர வேண்டாம். மேலும், ஒரே வைஃபை அணுகுமுனையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி செய்யும் ஏற்பாடு ஒன்பதாம் இயலில் வருகிறது. தனிமை என்ற சொல் அதற்கே பொருந்தும், அதற்கென்று விட்டுவைப்போம்.

‘ஒதுக்கம்’ வேண்டும் என்ற அடையாற்று அன்பருக்கு: மழைக்கு ஒதுங்குவதில் தொடங்கி நீங்கள் காட்டிய பொருள்வளர்ச்சி அழகானது. ஆனால் டிஎச்சிபியின் தொழிலே முகவரி ஒதுக்கீடு. ‘ஒதுக்கப்பட்ட முகவரி’ என்று எழுதினால், கணினிக்கு வழங்கப்பட்ட முகவரியா, ஐயத்துக்குரிய கணினிகளுக்கென்று விலக்கி வைத்த முகவரியா என்று மாணவன் எப்படி அறிவான்? ஒரே பத்தியில் இரண்டும் வரும் நூலில் இது பெரிய இடர். இதற்கு மேலாக, ஊரை விட்டு ஒதுக்கி வைத்தல் என்ற வழக்கின் வடு அச்சொல்லில் இருக்கிறது என்று வடசென்னை ஆசிரியை எழுதியதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒரு வகுப்பறையில் அச்சொல் யார் காதில் எப்படி விழும் என்பதும் கலைச்சொல்லாக்கத்தின் பகுதிதான்.

வெனிசு நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்ததால் வந்த பெயர் என்பதைக் கொண்டு, நாற்பது நாள் நம்மிடம் ஒரு மண்டலம், எனவே ‘மண்டலமிடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்டலம் நாற்பதா, நாற்பத்தொன்றா, நாற்பத்தெட்டா என்று அதன்பின் வந்த மடல்களே ஒரு சிறு நூலாகும். அட்ரியாட்டிக் கரையின் ரகூசா 1377-இல் விதித்த காலம் முப்பது நாள்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எண்ணைப் பிடித்துச் சொல் கட்டுவது நிலைக்காது என்று தெரியும். நம் வழங்கியில் அந்தக் காலம் ஓரிரு நிமிடம்.

அந்த ஓரிரு நிமிடம் குறித்தும் சொல்ல வேண்டும். முகவரிக்கான குத்தகைக் காலத்தில், அதாவது முகவரியை வைத்துக்கொள்ள வழங்கி தரும் காலத்தில், பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும் என்பது டிஎச்சிபியின் வரையறை ஆவணமாக 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2131-இல் உள்ள வழக்கம். குத்தகை எட்டு நாளாக இருந்தால், சரியாகிவிட்ட கணினியும் தானாக மீண்டும் கேட்க நான்கு நாள் ஆகும். அதனால்தான் ஐயத்துக்குரிய கணினிகளுக்கான தொகுப்பில் குத்தகையை மிகக் குறுக்கி வைக்கிறோம். குத்தகை என்பதற்குப் பதில் ‘ஒத்தி’ என்பாருக்கு ஒன்று: சென்னையில் வீட்டை லீசுக்கு எடுப்பவர் கட்டும் முன்தொகை இங்கே இல்லை, குத்தகையே இருக்கட்டும்.

மயிலாப்பூர்ப் புலவர் ஐயா முன்வைத்த ‘செறிப்பு’ என்னை இரண்டு நாள் விடவில்லை. சங்க அகப்பாடல்களில், களவு (மறைவான காதல்) வெளிப்பட்ட தலைவியைத் தாய் வீட்டுக்குள் நிறுத்துவது இற்செறிப்பு. அவள் தனியாள் அல்லள். தோழி வருவாள், செவிலி வருவாள், வெளிவழி மட்டும் அடைபட்டிருக்கும். நம் கணினியின் நிலையும் அதுவே என்று ஐயா காட்டியது மிகச் சரி. ஆயினும் அகப்பாடல் படிக்காத மாணவனுக்குச் செறிவு என்றால் அடர்த்திதான். வேதியியல் வகுப்பில் கரைசலின் செறிவு படித்துவிட்டு வருபவனை அங்கிருந்து இழுத்து வர வேண்டியிருக்கும்.

ஐயா அதே மடலில் ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ என்று குறளை நினைவூட்டியதுதான் எனக்கு வழி காட்டியது. டிஎச்சிபி எதையும் பூட்டுவதில்லை. வழங்கி தந்த முகவரியைப் புறக்கணித்து, தானாக ஒரு முகவரியைத் தட்டச்சு செய்துகொள்ளும் மாணவன் நேரே உள்ளே போய்விடுவான். கணினிகளை இணைக்கும் ஸ்விட்சில் டிஎச்சிபி வேவு பார்த்தலும் (எந்தக் கணினிக்கு எம்முகவரி வழங்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளல்) முகவரி மூலத்தைச் சரிபார்த்தலும் இயங்கினாலன்றி அவனைத் தடுக்க முடியாது. ஆகவே சிறை, காவல், தடுப்பு என்ற அடிகளில் பிறக்கும் எந்தச் சொல்லும் இல்லாத வலிமையை இந்த ஏற்பாட்டுக்கு ஏற்றிச் சொல்லும். பாதுகாப்பு நூலில் அது பிழையான நம்பிக்கையை வளர்க்கும்.

என் முன்மொழிவு ‘நிறுத்திவைப்பு’. தேர்வு முடிவு நிறுத்திவைப்பு என்றால் மாணவன் தோற்றான் என்று பொருளில்லை. ஏதோ ஒன்று சரிபார்க்கப்பட வேண்டும், அதுவரை வெளியிடவில்லை என்பதே பொருள். குற்றஞ்சாட்டாமல், காலவரையோடு, சரிபார்ப்பை எதிர்நோக்கி வைத்திருத்தல் என்ற மூன்றும் அச்சொல்லில் ஏற்கெனவே உள்ளன. நிறுத்திவைப்புப் பிணையம், நிறுத்திவைப்பு முகவரி, நிறுத்திவைப்பு நீக்கம் என்று கிளைக்கவும் செய்கிறது. குவாரண்டைன் என்றே எழுதலாம், தொல்காப்பியர் வடசொல்லுக்குத் தந்த இசைவை ஆங்கிலத்துக்கும் நீட்டலாம் என்போரிடம் எனக்குப் பகையில்லை. ஆய்வகத்தில் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்வழிப் பாடநூல் அவர்கள் வாயில் ஏற்கெனவே உள்ள சொல்லோடு நின்றுவிட்டால், எதற்காக எழுதுகிறோம்?

வியாழன் மாலைக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி, கிண்டியிலிருந்து:

அம்மா, தங்கள் காரணங்கள் வலுவானவை. ஆனால் ‘நிறுத்திவைக்கப்பட்ட கணினி’ என்று படிப்பவர், மின்சாரம் நிறுத்திய கணினி என்றே முதலில் எண்ணுவார். உறக்கநிலை, இடைநிறுத்தம் ஆகியவை பக்கத்திலேயே உலவும் துறை இது. கணினியோடு சேர்க்காமல், அணுகலோடு மட்டும் சேர்த்து ‘அணுகல் நிறுத்திவைப்பு’ என்று எழுதுவதானால் உடன்படுகிறேன். வினையாக வரும் இடங்களில் ‘அணுகல் நிறுத்திவைக்கப்பட்ட கணினி’ என்று நீட்டியே எழுத வேண்டும். நீளத்துக்கு அஞ்சிச் சுருக்கினால் குழப்பம் திரும்ப வரும்.

மறுமொழி, மயிலாப்பூரிலிருந்து:

அம்மையீர், பெரும்பான்மை ‘அணுகல் நிறுத்திவைப்பு’ பக்கம் சாய்ந்துவிட்டதை இன்று வந்த மடல்களில் காண்கிறேன்; அச்சகம் காத்திருக்கையில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் மாணவன் அறியான் என்ற காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிணையம், வழங்கி, நுழைவாயில் ஆகியவற்றை எந்த மாணவன் தன் வீட்டில் இப்பொருளில் கேட்டான்? நாம் எழுதினோம், அவன் கற்றான். அணுகல் நிறுத்திவைப்பு ஒரு விளக்கம். செறிப்பு ஒரு சொல். நூலின் சொல்லடைவிலாவது செறிப்பையும் ஒரு பதிவாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது இதே வழக்கை மீண்டும் தொடுப்பேன்.