அலி – நார்ட்டன் 1976: அந்தப் பதினைந்தாவது ரவுண்டு யாருக்கு?

ராயபுரம்மணி:
போன வாரம் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பெரிய வெற்றிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பட்டாம்பூச்சி64 இப்படி எழுதியிருந்தார்: “நார்ட்டனோடு நடந்த மூன்றாவது சண்டையில் சந்தேகமே இல்லை. 15வது ரவுண்டில் யார் சாம்பியன் என்று அலி காட்டிவிட்டார்.” படித்ததிலிருந்து எனக்கு மண்டை காய்கிறது. சந்தேகமே இல்லையாம்!

1976 செப்டம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். உலக ஹெவிவெயிட் சாம்பியன் அலியின் பட்டத்துக்காக கென் நார்ட்டனோடு 15 ரவுண்டு சண்டை. இரண்டு நடுவர்கள், லெடர்மேனும் பார்னி ஸ்மித்தும், ஆளுக்கு எட்டு ரவுண்டு அலிக்கு, ஏழு நார்ட்டனுக்கு, 8-7 என்று கொடுத்தார்கள். ரெஃபரி ஆர்தர் மெர்க்கன்டே 8-6-1, ஒரு ரவுண்டு சமம். கடைசி ரவுண்டை மூன்று பேரும் அலிக்குத்தான் போட்டார்கள். அப்படியென்றால் 14 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்கள் கணக்கிலும் 7-7. 45 நிமிடச் சண்டையை ஒரு மூன்று நிமிடம் தீர்மானித்திருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

பட்டாம்பூச்சி64:
பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் மணி சார். 15வது ரவுண்டு அலிக்கு. மூன்று பேரும் ஒரே மாதிரி போட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கெட்டுப்போனதா? ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாதது உங்கள் கைப்பேசித் திரையில் தெரிகிறதா?

ராயபுரம்மணி:
ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் திறந்திருக்கும் என்று யார் சொன்னது? 15வது ரவுண்டை நான் சொல்கிறேன், கேளுங்கள். நார்ட்டனின் கார்னர், அதாவது அவருடைய பயிற்சியாளர்கள், நீ முன்னால் இருக்கிறாய், மாட்டிக்கொள்ளாமல் ஆடு என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மனிதன் பேச்சைக் கேட்டு ஒதுங்கி ஆடினார். அலி கால்மாற்றி ஓடிக்கொண்டே ஜாப், அதாவது முன் கையால் நேராக நீட்டும் குத்து, போட்டார். அந்த ஜாபில் பாதி எங்கே விழுந்தது? நார்ட்டனின் கையுறையில். இடது கை வயிற்றுக்குக் குறுக்கே, வலது கை தாடைக்குப் பக்கத்தில், இதுதான் நார்ட்டன் நிற்கிற விதம். அலியின் ஜாப் வரும்போது வலது உள்ளங்கையால் பிடித்து, அதே நொடியில் தன் ஜாபை விடுவார். 1973-ல் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. உள்ளங்கையில் விழுந்த குத்துக்கு மார்க் உண்டா? கடைசியில் நார்ட்டன் உள்ளே புகுந்து அடித்தாரே, அது எந்த ரவுண்டு? 15வது ரவுண்டுதான்!

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிடம். ரவுண்டு யாருக்கு என்று சண்டை போடுவதற்கு முன்னால், எதை வைத்துக் கொடுப்பது என்று பேசிவிடலாமா? சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் ஆக்ரோஷம், ரிங்கைத் தன் வசம் வைத்திருப்பது, தற்காப்பு என நான்கு உண்டு. அன்றைக்கு நியூயார்க்கில் ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு அதற்குக் குறைவு என்று போடும் பத்து பாயிண்ட் முறையும் கிடையாது, ரவுண்டை எண்ணுவதுதான். மயிரிழையில் ஜெயித்த ரவுண்டும் அடித்து நொறுக்கிய ரவுண்டும் ஒன்றே. இதை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பட்டாம்பூச்சி64:
பலன் தரும் ஆக்ரோஷம் எல்லாம் இருக்கட்டும். சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வேண்டும், யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். 15வது ரவுண்டில் ஒதுங்கி ஆடியவன் எப்படிப் பறிப்பான்? மணி சாரே ஒப்புக்கொண்டுவிட்டார், ஒதுங்கி ஆடினாராம்.

ராயபுரம்மணி:
எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது அந்தப் “பறிக்க வேண்டும்”? பக்கம் எண் சொல்லுங்கள். நான் சொன்னதைப் பாதி வெட்டிப் போடாதீர்கள். ஒதுங்கி ஆடினார், கடைசியில் அடித்தார் என்றேன். 15வது ரவுண்டின் முடிவு மணி அடித்ததும் நார்ட்டன் ஜெயித்தவன் போலக் கத்தினார். அலி பேசாமல் தன் கார்னருக்குத் திரும்பினார். தோற்றது யார் என்று அந்த இரண்டு முகமும் சொல்லும். முடிவைச் சொன்னதும் நார்ட்டன் அழுதார். 1973 மார்ச் 31-ல் சான் டியேகோவில் அலியின் தாடையை உடைத்த மனிதன் சும்மா அழுவாரா?

ஈஸ்டன்ரசிகன்:
அழுதால் ஜெயித்ததாகிவிடுமா? கடைசி ரவுண்டைக் கோட்டை விடுவது நார்ட்டனுக்குப் பழக்கம். 1978 ஜூன் 9, லாஸ் வேகஸ், லாரி ஹோம்ஸ். அங்கேயும் 15 ரவுண்டு, அங்கேயும் கடைசி ரவுண்டில்தான் பட்டம் போனது. பாயிண்ட் கணக்கில் இரண்டு நடுவர்கள் 143-142, 143-142 ஹோம்ஸுக்கு, ஒருவர் மட்டும் 143-142 நார்ட்டனுக்கு. ஒரு தடவை நடந்தால் அநியாயம் என்று சொல்லலாம். இரண்டாவது தடவையும் அதே ரவுண்டு என்றால் ஆளிடம்தான் குறை.

ராயபுரம்மணி:
வந்துவிட்டார் ஹோம்ஸ் வக்கீல். போன மாதம் டைசனோடு நடந்த டோக்கியோ சண்டையில் பஸ்டர் டக்ளஸ் கீழே விழுந்தது 10வது ரவுண்டு என்று மூன்று நாள் பிடிவாதம் பிடித்தவர் நீங்கள்தானே? 8வது ரவுண்டில் விழுந்தார், 10வது ரவுண்டில் டைசனை விழவைத்தார். அதையே சரியாகச் சொல்லத் தெரியாதவர் எனக்குக் கடைசி ரவுண்டு பாடம் எடுக்கிறார். ஹோம்ஸ் சண்டை வேறு, இது வேறு. ஹோம்ஸுக்கு அந்த 15வது ரவுண்டை நானே கொடுப்பேன். அலிக்கு 1976-ன் 15வது ரவுண்டைக் கொடுக்க மாட்டேன்.

ஈஸ்டன்ரசிகன்:
அது கைதவறி எழுதியது, அப்போதே சொன்னேன். பழசைக் கிளறுவதென்றால் நானும் கிளறுவேன். 1974-ல் கராகஸில் ஜார்ஜ் ஃபோர்மேன் நார்ட்டனை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். 1981-ல் ஜெர்ரி கூனி 54 விநாடியில் முடித்தார். பலமாக அடிக்கிறவன் எதிரே வந்தால் உங்கள் ஆள் எங்கே நிற்பார் என்று ஊருக்கே தெரியும்.

ராயபுரம்மணி:
கூனி சண்டையின்போது நார்ட்டனுக்கு வயது 37. இதற்கும் யாங்கி ஸ்டேடியத்துக்கும் என்ன சம்பந்தம்? 15வது ரவுண்டுக்குப் பதில் இல்லை, அதனால் கராகஸ் போகிறீர்கள்.

இடதுகை:
மணி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிற்காலத்தில் படத்தை ஓட்டி எண்ணியவர்கள் கணக்கில் நார்ட்டன் போட்டு விழுந்த குத்து 286, அலி போட்டு விழுந்தது 199. கிட்டத்தட்ட 90 குத்து வித்தியாசம். அதே வருடம் ஏப்ரல் 30-ல் ஜிம்மி யங்கோடும் இப்படித்தான். தொப்பையோடு வந்து நின்ற அலிக்கு மூன்று பேரும் வாரிக் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு பேர் வயிற்றில் அடித்திருக்கிறார்கள்.

பட்டாம்பூச்சி64:
யங்கா? அடி விழப்போகிறது என்றால் கயிற்றுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்ற ஆள். அதற்காக, கீழே விழுந்தவனுக்கு எண்ணுவது போல ரெஃபரி எண்ணவும் எண்ணினார். அவனுக்குப் பட்டம் வேண்டுமாம்!

இடதுகை:
தலையை வெளியே நீட்டினால் பாயிண்டைக் குறையுங்கள். மற்ற ரவுண்டுகளில் அலியைத் தொடவிடாமல் ஆடினாரே, அது யாருக்கு?

பட்டாம்பூச்சி64:
யங் பற்றிப் பேச ஆசை என்றால் தனியாக ஆரம்பியுங்கள். 286, 199 எல்லாம் மொத்தக் கணக்கு. கணக்குப்பிள்ளை மேலே சொன்னதைப் படித்தீர்களா? ரவுண்டு எண்ணும் முறையில் மொத்தக் குத்துக்கு மதிப்பே இல்லை. நார்ட்டன் முதல் பாதியில் நிறையப் போட்டார், ஒப்புக்கொள்கிறேன். 9வது ரவுண்டில் அலி ஆட ஆரம்பித்தபின் என்ன ஆயிற்று? என் அப்பா 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியை நேரில் பார்த்தவர். ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை, எம்.ஜி.ஆர். வந்திருந்தார். 38 வயதில் அந்தக் கால் எப்படிப் போனது என்று அப்பா சாகும் வரை சொல்வார். அந்தக் காலை வைத்துத்தான் 15வது ரவுண்டை எடுத்தார்.

ராயபுரம்மணி:
உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு. எங்கள் பெரியப்பாவும் அங்கே போனவர்தான். ராயபுரத்திலிருந்து சைக்கிளில் போய், கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார். காட்சிச் சண்டை பார்த்தவர்கள் எல்லாம் 1976-க்கு மார்க் போடுவதென்றால் ஸ்டேடியம் முழுக்க நடுவர்கள்தான். அலியைப் பிடிக்கும் என்பது வேறு, அலி அந்த ரவுண்டை ஜெயித்தார் என்பது வேறு. எனக்கும் அலியைப் பிடிக்கும். அதனால்தான் வலிக்கிறது. பொய்யான ஒரு வெற்றி அவருக்குத் தேவையே இல்லை.

பட்டாம்பூச்சி64:
“பொய்யான வெற்றி” என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

ராயபுரம்மணி:
மாட்டேன். சண்டை முடிந்த சில நாளில் இஸ்தான்புல்லில் ஓய்வு என்று அறிவித்தாரே, நன்றாக ஜெயித்த ஆள் ஏன் அறிவிக்க வேண்டும்?

ஈஸ்டன்ரசிகன்:
அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தாரே. அதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 15வது ரவுண்டு சமம் என்று வைத்துக்கொண்டால் லெடர்மேன், ஸ்மித் இருவர் கணக்கும் 7-7-1. டிரா என்றால் பட்டம் இருப்பவரிடமே இருக்கும். ஆக, நார்ட்டன் அந்த ரவுண்டைத் தெளிவாக ஜெயித்திருக்க வேண்டும், சமமாக ஆடியது போதாது. மணி, ஜெயித்தார் என்கிறீர்களா, தோற்கவில்லை என்கிறீர்களா? இரண்டும் ஒன்றல்ல.

இடதுகை:
அன்றைக்கு ஸ்டேடியத்துக்கு வெளியே போலீஸ்காரர்களே போராட்டம் நடத்தினார்கள், வந்தவர்கள் பாக்கெட்டெல்லாம் காலி. அந்தக் களேபரத்தில் நடுவர் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருப்பாரா?

பட்டாம்பூச்சி64:
போலீஸ் போராட்டத்தால் நார்ட்டன் தோற்றார். அடுத்து மழையைச் சொல்லுங்கள். லெடர்மேன் அதற்குப் பிறகு எத்தனை வருடம் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ரவுண்டு ரவுண்டாகக் கணக்குச் சொன்னார்! உலகமே அவர் கணக்கைக் கேட்டது. அவருக்கு 15வது ரவுண்டு பார்க்கத் தெரியாது, ராயபுரத்தில் தெரியும்.

ராயபுரம்மணி:
ஆமாம், ராயபுரத்தில் தெரியும். மூன்று தலைமுறையாகக் குத்துச்சண்டை பார்க்கிற ஊர் இது. மூங்கில் கட்டிய மேடைக்குக் கீழே நின்று, எந்தக் குத்து கையில் விழுந்தது, எந்தக் குத்து விலாவில் விழுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார்கள். கையுறைமேல் விழுந்தால் தட்டுகிற சத்தம், விலாவில் விழுந்தால் அமுங்கிய சத்தம். ஊரைப் பற்றிப் பேசாதீர்கள்.

கணக்குப்பிள்ளை, உங்களுக்கும் பதில் சொல்கிறேன். நார்ட்டன் ஜெயித்தார் என்கிறேன். தோற்கவில்லை என்று நழுவ மாட்டேன். நேற்று இரவு நான்கு தடவை ஓட்டினேன், இரண்டு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. அலி ஜாப் போட்டுவிட்டு ஓடுகிறார், நெருங்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். கூட்டம் அலியின் காலுக்குக் கத்துகிறது. வலிக்கிற மாதிரி அடித்தது யார் என்று மட்டும் பாருங்கள். 15வது ரவுண்டு நார்ட்டனுக்கு. நார்ட்டனுக்கு 8-7, நார்ட்டனுக்கு 8-7, மெர்க்கன்டே 7-7-1. அன்றைக்குப் பட்டம் கை மாறியிருக்க வேண்டும். ரிங்கில் ஒரு பட்டத்தை ஜெயிக்காமலேயே 2013-ல் அந்த மனிதன் போய்விட்டார்.

ஈஸ்டன்ரசிகன்:
டபிள்யூபிசி என்ற உலகக் குத்துச்சண்டை கவுன்சிலின் பட்டம் அவரிடம் இருந்ததே.

ராயபுரம்மணி:
ரிங்கில் என்றேன். அது யங்கை ஜெயித்ததற்காகப் பின்னால் கையில் கொடுத்தது. படிக்கவே மாட்டீர்களா?

இடதுகை:
யங்கை ஜெயித்தாரா? 1977 நவம்பரில் நடந்த அந்தச் சண்டையில் நடுவர்களே ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால் அது யங் ஜெயித்த சண்டை.

ராயபுரம்மணி:
இடதுகை, நீங்களுமா?

பட்டாம்பூச்சி64:
மணி சார், “பொய்யான வெற்றி” இன்னும் மேலே அப்படியே இருக்கிறது.

ராயபுரம்மணி:
இருக்கும். 15வது ரவுண்டை ஐந்தாவது தடவை ஓட்டப் போகிறேன். இந்தத் தடவை நிமிடத்துக்கு நிமிடம் எழுதிக்கொண்டு வருகிறேன்.