பழைய ஹைப்ரிட் காரைப் பிளக்-இன் ஹைப்ரிடாக மாற்றினால் பயன் உண்டா?

மெதுவோட்டி கேட்டது:

என்னிடம் 2006-ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ் உள்ளது. எஞ்சினில் குறை இல்லை. ஹைப்ரிட் பேட்டரி காருடன் வந்த அதே பழைய பேட்டரி. வேலைக்குப் போக 18 கிலோமீட்டர், திரும்பி வர 18 கிலோமீட்டர். இரு வழியிலும் சேர்த்து 16 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அங்கே 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்வேன். மீதி நகரச் சாலை. இந்தக் காரின் நிக்கல் பேட்டரி 1.3 கிலோவாட் மணி அளவே கொண்டது என்பதாலும், அதிலும் ஒரு பகுதியை மட்டுமே கார் பயன்படுத்த விடுகிறது என்பதாலும், மின்சாரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்குள் எஞ்சின் விழித்துக்கொள்கிறது. பின்பக்கத்தில் 5 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரியைப் பொருத்தி, இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்தால், பெட்ரோல் இல்லாமலே போய் வர முடியுமா?

செம்புக்கம்பி எழுதியது:

பெட்ரோல் வெகுவாகக் குறையும்; ஆனால் இல்லாமல் ஆகாது. பேட்டரியின் அளவு இதற்குக் காரணம் அன்று. உங்கள் காரில் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரே கோள் பற்சக்கர அமைப்பில் இணைந்திருக்கின்றன. எஞ்சின் நின்றிருக்கும்போது கார் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு வேகமாகச் சிறிய மோட்டார் எதிர்த்திசையில் சுழல வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சுழற்சி அதன் வரம்பைத் தொட்டுவிடுவதால், அதற்கு மேல் கணினி எஞ்சினைச் சுழற்றியே தீரும். எத்தனை பெரிய பேட்டரியை வைத்தாலும் உங்கள் 16 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிற்காது.

நகரப் பகுதியின் கணக்கு சாதகமானது. இந்தக் கார் மின்சாரத்தில் ஓடும்போது கிலோமீட்டருக்கு 150 முதல் 170 வாட் மணி வரை செலவாகும் என்று கொண்டால், 20 கிலோமீட்டருக்குச் சுமார் 3.2 கிலோவாட் மணி போதும். 5 கிலோவாட் மணி பேட்டரியில் 4 வரை மட்டுமே எடுக்கலாம் என்றாலும், மீதம் இருக்கும்.

மாற்றும் வேலையின் சூட்சுமம் பேட்டரியைப் பொருத்துவதில் இல்லை. காரின் கணினியை நம்பவைப்பதில் இருக்கிறது. பேட்டரிக்குள் போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் எண்ணியே அதில் எவ்வளவு மீதம் உள்ளது என்று கணினி முடிவு செய்கிறது. பொதுவாக 60 விழுக்காட்டை ஒட்டியே அதை வைத்திருக்கப் பார்க்கிறது. வெளியிலிருந்து தொடர்ந்து மின்சாரம் ஊட்டினால், பேட்டரி நிறைந்திருக்கிறது என்று எண்ணி எஞ்சினை அடக்கி, மோட்டாரைத் தாராளமாகப் பயன்படுத்தும். 2004-இல் கலிபோர்னியாவில், பிளக்-இன் கார்களுக்காகக் குரல் கொடுத்த கால்கார்ஸ் குழுவினர் ஈய அமிலப் பேட்டரிகளைக் கொண்டு ஒரு ப்ரியஸை முதலில் இப்படி மாற்றிக் காட்டினார்கள். பிறகு லித்தியம் தொகுப்புகள் வந்தபோது ‘கேலனுக்கு 100 மைல்’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்த எண்ணில் சுவரிலிருந்து எடுத்த மின்சாரம் சேராது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

பழைய ஸ்பேனர் எழுதியது:

இதே தலைமுறைக் கார் ஒன்றை நானே மாற்றி நான்கு ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கூடுதல் பேட்டரி பழைய பேட்டரியின் வழியாகவே வேலை செய்கிறது. பழையதில் மொத்தம் 28 மாட்யூல்கள், அதாவது வரிசையாக இணைத்த சிறு பேட்டரிகள். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியும், நீங்கள் செலவழித்ததெல்லாம் அதன் பின்னால் காத்திருக்கும். உங்கள் பேட்டரிக்கு இத்தனை வயது ஆகியிருப்பதால், முதலில் ஒவ்வொரு மாட்யூலின் மின்னழுத்தத்தையும் சுமை கொடுத்து அளந்து பாருங்கள்.

குளிரான காலையில் எனக்குக் கிடைத்த ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்பினாலும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றுவதற்காக எஞ்சின் தொடக்கத்தில் ஓடவே செய்யும். ஹீட்டரைப் போட்டால் இன்னும் நீளும்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 200 வோல்ட் நேர்மின்சாரம் பிடித்தால் விடாது. இன்வெர்ட்டருக்குள் 500 வோல்ட் வரை ஏறுகிறது. பேட்டரியைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறச் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கண்டென்சர்கள் வடிய 10 நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். 2008-இல் தென் கரோலினாவில், இப்படி மாற்றிய ஒரு ப்ரியஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. போல்ட் கொண்டு முடுக்கிய மின் இணைப்பு ஒன்று சரியாகப் பொருந்தாமல் சூடேறியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. போல்ட்டைக் குறித்த அளவுக்கு முடுக்க உதவும் டார்க் ரெஞ்சு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

வழிப்போக்கன் எழுதியது:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியே பிழையோ என்று தோன்றுகிறது. 2012-இல் வந்த ப்ரியஸ் பிளக்-இன்னில் 4.4 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அது எஞ்சினை நிறுத்தியபடியே 100 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். ஆகவே உங்கள் 90 கிலோமீட்டர் வேகத்துக்கு அங்கே தடை இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்குக் கொடுத்த தூரம் 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர். பழைய காரை விற்று இதைப் பயன்படுத்திய நிலையில் வாங்கினால், காப்பீட்டாளரிடம் விளக்கம் சொல்லும் தொல்லையும் இல்லை.

மெதுவோட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நெடுஞ்சாலையில் எஞ்சின் கட்டாயம் சுழலும் என்பது எனக்குத் தெரியாது. என் கணக்கு முழுவதும் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டது. பழைய ஸ்பேனர் சொன்னபடி மாட்யூல்களை அளந்தேன். இரண்டு மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருக்கின்றன. ஆகவே மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வழிப்போக்கன் சொன்ன காரின் தூரம் என் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே சரியாக இருக்கிறது. அலுவலக வாகன நிறுத்தத்தில் சாதாரணப் பிளக் பாயின்ட் ஒன்று உண்டு, அது போதுமா?

வழிப்போக்கன் எழுதியது:

போதும். சாதாரணப் பிளக்கிலேயே அந்தக் காரின் பேட்டரி மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். நீங்கள் எட்டு மணி நேரம் அங்கே இருப்பீர்கள். அந்தப் பாயின்டின் வயர் தொடர் சுமையைத் தாங்குமா என்று மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.