நாய், பூனை வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது

ஊசிப்பெட்டி:
"வீட்ல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "ஒண்ணும் குடுக்கல டாக்டர்." திட்டுவாரோ என்ற பயம்தான். நாய்க்கு காம்பிஃப்ளாம் கொடுத்ததை மறைத்தால் என்ன ஆகும்? அதில் ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து இருக்கிறது. அது தெரியாமல் டாக்டர் வலிக்கு மெலாக்ஸிகாமோ, அரிப்புக்கு ஸ்டீராய்டோ போட்டால் இரண்டும் சேர்ந்து குடலைப் புண்ணாக்கும். தார் மாதிரி கறுப்பாக மலம் போகும், கிட்னியும் அடிபடும்.

பூனைக்கு இன்னும் மோசம். பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. 4 கிலோ பூனைக்கு டோலோ 650-இல் கால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து. ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு, ஆனால் உண்மையைச் சொன்னால்தான் நேரத்துக்கு ஏறும். மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

ராஜபாளையத்தான்:
உண்ணிக் காய்ச்சலில்தான் டாக்டர் மேல் சந்தேகம் அதிகம் வருகிறது. அதை உண்டாக்கும் எர்லிக்கியா என்ற கிருமிக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாகக் கிலோவுக்கு 10 மி.கி., 28 நாள். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 200 மி.கி. இரண்டு மூன்று நாளிலேயே நாய் வாலாட்டிச் சோறு கேட்கும், வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். காய்ச்சல் திரும்பியதும் பழி டாக்டருக்கு. நடுவில் நிறுத்தியதைச் சொல்லாவிட்டால், 'இந்த மருந்துக்குக் கேட்கவில்லை' என்று நினைத்து அவர் வேறு மருந்துக்குப் போவார். வாந்தி எடுத்ததால் நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் பல நாய்கள் கக்கும், சோற்றோடு கொடுத்தால் தங்கும்.

28 நாளும் கொடுத்து முடித்தபின் கிட் டெஸ்ட் எடுத்தால் மறுபடி பாசிட்டிவ் வரலாம். "ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அந்த கிட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நாய் குணமான பிறகும் பல மாதம் அந்தக் கோடு விழும். இந்தக் காய்ச்சலில் குறைந்துபோகும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) ஏறுகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். மெஷினில் எண்ணிக்கை ரொம்பக் குறைவாக வந்தால், "ஸ்லைடு போட்டுப் பார்த்தீங்களா?" என்றும் கேட்கலாம், அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பிளேட்லெட்டுகள் திரண்டு ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும்.

கோவை மியாவ்:
@ராஜபாளையத்தான், பாதித் தப்பு டாக்டர் பக்கமும் இருக்கிறது சார். 3 நாளைக்குச் சீட்டு எழுதி, "வந்து காட்டுங்க" என்றால், மூன்று நாள் வைத்தியம் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். முதல் நாளே 28 நாளுக்கும் முடிவு தேதி போட்டு எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பூனைக்காரர்களுக்கு ஒன்று. ஆண் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்கும், ஒன்றும் வராது. போனில் "மலச்சிக்கல்" என்பார்கள், டாக்டரும் பேதி மருந்து சொல்லிவிடுவார். பல சமயம் அடைத்திருப்பது மூத்திரம். ஒரே நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கி இதயத்தைத் தாக்கும், இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். அதனால் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்: கடைசியாக மண் நனைந்து கட்டி விழுந்தது எப்போது, எத்தனை தடவை உட்கார்ந்தது, கத்துகிறதா, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறதா. முக்குவதை அரை நிமிஷம் வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. மூத்திரம் நின்றுபோயிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

ஊசிப்பெட்டி:
ஆபரேஷன் காலையில் எல்லா கிளினிக்கிலும் கேட்கிற பதில்: "ஒண்ணும் சாப்பிடல, கொஞ்சம் பால்தான்." பால் சாப்பாடுதான்! மயக்கத்தில் கக்கி நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. உள்ளதைச் சொன்னால் ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிப்போகும், அவ்வளவே. சின்னக் குட்டிகளை மட்டும் ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று வயதும் எடையும் சொல்லிக் கேளுங்கள். பெண் நாய் என்றால் கடைசியாக ஹீட் (இணை சேரும் பருவம்) வந்த தேதியும் வேண்டும். ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீர் நிறையக் குடித்து, சோர்ந்து கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கலாம். தேதி சொன்னால் டாக்டர் நேராக ஸ்கேனுக்குப் போவார்.

வேப்பேரி வாசி:
பணப் பேச்சுக்குக் கூச்சப்படாதீர்கள். "இந்த டெஸ்ட் ரிசல்ட்டைப் பொறுத்து மருந்து மாறுமா டாக்டர்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மாறாது என்றால் தள்ளிப்போடலாமா என்று அவரே சொல்வார். பார்வோ (நாய்க்கு வாந்தி, ரத்தப்பேதி வரும் வைரஸ் நோய்) மாதிரி பல நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நோய்க்கு மொத்தத் தொகையைக் கேட்டால் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம் என்று பிரித்துக் கேளுங்கள். கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், கட்டணம் குறைவு. ஆனால் காலையிலேயே போய் நிற்க வேண்டும். கிளம்பும் முன் இதுவரை போட்ட ஊசி, அளவு, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் அங்கே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.