அவசரம்: விறகடுப்பில் ஒரே புகை, பைன் பலகைதான் காரணமா?

புக்கிட்மெர்தாஜாம்_அப்பா:
வணக்கம். விறகடுப்பு ஒரே புகை. பத்து நாள் பிள்ளை உள்ளே இருமுகிறது. மனைவி குளிக்க வேப்பிலை வெந்நீர் விறகில்தான் வைக்க வேண்டும் என்கிறார் அத்தை. ஊதி ஊதிக் கண் எரிகிறது. பைன் பலகை கலந்ததாலா? சீக்கிரம் சொல்லுங்கள்.

நிபோங்திபால்_அக்கா:
தம்பி, பைனோடு வேறு என்ன விறகு? எப்போது வெட்டியது? அடுப்பு எங்கே, ஜன்னலுக்குக் கீழேயா? பிள்ளையின் இருமல் நிற்காவிட்டால் இன்றே கிளினிக் கொண்டுபோங்கள், அது முதலில்.

கரிக்கட்டை:
பைன்தான். பிசின் மரம். குளிர்நாட்டில்கூட அதை வீட்டுக்குள் எரிக்க மாட்டார்கள், புகைபோக்கி பற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கப் பழகுங்கள்.

ஜூரு_தாத்தா:
அப்படி இல்லை ஐயா. மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள், இரண்டு குளிர்காலம் அவளோடு இருந்தேன். அங்கே வீட்டைச் சூடாக்கப் பைன் விறகுதான் வாங்கினோம். பின்லாந்து, நார்வேயிலும் பைன் எரிக்கிறார்கள். புகைபோக்கியில் தார் மாதிரி ஒட்டிப் பற்றிக்கொள்கிற கிரியோசோட், ஈர விறகை எரித்தாலும் காற்றை அடைத்து மந்தமாக எரித்தாலும் எந்த மரத்திலிருந்தும் வரும். காய்ந்த பைன் படபடவென்று எரிந்து சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

புக்கிட்மெர்தாஜாம்_அப்பா:
மன்னிக்கவும் அக்கா. போன வாரம் வெட்டிய ரம்புத்தான். பைன் என்றது பழைய பேலட் பலகை, சரக்கு அடுக்குகிற மரத்தட்டு. அடுப்பு சமையலறை ஜன்னலுக்குக் கீழே. கட்டை முனையில் தண்ணீர் நுரைத்துச் சீறுகிறது.

ஜூரு_தாத்தா:
அந்த நுரைதான் விடை தம்பி. பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். ஒரு கிலோ கட்டையில் இருக்கிற அந்த அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 1,300 கிலோஜூல் போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம், தீ குளிர்ந்துபோய் விறகின் வாயு எரியாமல் புகையாக வெளியேறுவது. உங்கள் பிள்ளை மூச்சில் போவது அதுதான். விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

சுங்கைபாக்காப்_மாமா:
தோட்டத்தில் நாங்கள் பச்சை விறகைத்தான் சொருகுவோம். நின்று எரியும், விறகு மிச்சம்.

ஜூரு_தாத்தா:
நானும் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். நின்று எரிவது உண்மை, சூடு பானைக்கு வராததால் அப்படி நிற்கிறது. பானை கொதிக்கிற வரை எத்தனை கட்டை போனது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள் மாமா.

கரிக்கட்டை:
அப்படியானால் மழையில் நனைந்த விறகும் ஆகாது. பினாங்கு மழையில் எவனும் விறகு எரிக்க முடியாது.

நிபோங்திபால்_அக்கா:
இரண்டும் வேறு. காய்ந்த கட்டை மழையில் நனைந்தால் ஈரம் மேலோடுதான், இரண்டு மூன்று நாள் வெயிலும் காற்றும் போதும். பச்சைக் கட்டையின் ஈரம் உள்ளே இருக்கிறது. பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து மாதக்கணக்கில் விட வேண்டும். முழுக்கத் தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சைதான் பிடிக்கும்.

சுங்கைபாக்காப்_மாமா:
இத்தனை பாடு எதற்கு? கோலா செப்பெத்தாங் பக்கவ் (சதுப்புநில மரம்) கரி வாங்கி அறைக்குள்ளே சட்டியில் வையுங்கள். புகையே இருக்காது. தாய்க்கும் பிள்ளைக்கும் கதகதப்பு.

நிபோங்திபால்_அக்கா:
மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது ஆபத்து. கரியில் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையும் இல்லை, கண்ணும் எரியாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். மூடிய அறையில் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்.

சுங்கைபாக்காப்_மாமா:
எங்கள் அம்மா ஆறு பிள்ளைக்கும் வைத்தார்.

நிபோங்திபால்_அக்கா:
அது அத்தாப்பு ஓலைக் கூரை வீடு மாமா, நாலா பக்கமும் காற்று. இன்றைக்கு ஜன்னலை அடைத்து ஏர்கோன் போடுகிறோம்.

ஜூரு_தாத்தா:
தம்பி, பேலட் பலகையில் முத்திரை பாருங்கள். எச்டி (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது. எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்கிற பூச்சிக்கொல்லி நச்சுவாயு போட்டது, அதை எரிக்கவே வேண்டாம். சாயம் பூசியதும் எண்ணெய்க் கறை உள்ளதும் வேண்டாம். அடுப்பை ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

புக்கிட்மெர்தாஜாம்_அப்பா:
ரம்புத்தானை ஒதுக்கிவிட்டேன். அடுப்பை வேலி ஓரம் மாற்றி, காய்ந்த பலகை மட்டும் வைத்தேன். புகை குறைந்தது, வெந்நீரும் சீக்கிரம் கொதித்தது. கிளினிக் கிளம்புகிறோம். நன்றி.

ஜூரு_தாத்தா:
நல்லது. முத்திரை என்ன போட்டிருந்தது?