ஹோர்ட்டன் சமவெளி: உலக முடிவு முதலா, பேக்கர் அருவி முதலா?

கந்தப்பளைக் குளிர்
பக்கத்து இழையில ஒருத்தர் எழுதி வச்சிருக்கார்: "ஹோர்ட்டன் சமவெளி நடை ஒரு வட்டம்தானே, எந்தப் பக்கத்தால போனாலும் ஒண்டுதான். பேக்கர் அருவியைப் பாத்திட்டு ஆறுதலா உலக முடிவுக்குப் போங்கோ." அதுக்குக் கீழ வரிசையா நன்றி வேற. நன்றி சொன்ன அத்தனை குடும்பமும் உலக முடிவுங்கிற அந்தப் பாறை விளிம்புல நின்னு, வெள்ளை வேட்டி மாதிரி மூட்டத்தை மட்டும் பார்த்துட்டுத் திரும்பப் போகுது.

கணக்கைப் பாருங்க. மொத்த வட்டம் 9.5 கி.மீ. நடை தொடங்குற இடமான ஃபார் இன்னிலிருந்து சின்ன உலக முடிவு வழியா பெரிய உலக முடிவுக்கு 4 கி.மீ. அங்கேயிருந்து பேக்கர் அருவிக்கு 2. அருவியிலிருந்து ஃபார் இன்னுக்கு 3.5. அப்போ அருவியை முதல்ல பார்க்கிறவங்க உலக முடிவுக்கு 5.5 கி.மீ. நடக்கணும்.

வாசல் திறக்கிறது காலை 6 மணி. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியா 32 கி.மீ. இருட்டு, வளைவு, பனி, 4.45க்காவது வண்டி கிளம்பணும். டிக்கட் வரிசை, அப்புறம் ஃபார் இன் வரைக்கும் ஓட்டம், அங்க பை சோதனை. பொலித்தீன் எல்லாம் கழட்டி வாங்கிடுவாங்க, தண்ணிப் போத்தல் லேபல் உட்பட. பிஸ்கட்டை முதல் நாளே டப்பாவில மாத்தி வச்சவங்க அஞ்சு நிமிஷத்துல உள்ள போவாங்க. மத்தவங்க அங்கேயே குந்தியிருந்து ஒவ்வொரு பக்கெட்டா பிரிச்சுக்கிட்டிருப்பாங்க. நடை தொடங்க 6.45 ஆகிடும்.

கல்லும் வேருமா இருக்கிற பாதை, மணிக்கு 3 கி.மீ.தான் போகும். 4 கி.மீ.க்கு 80 நிமிஷம், 8.05க்கு விளிம்புல நிப்பீங்க. 5.5 கி.மீ.க்கு 110 நிமிஷம், அருவிக்கு இறங்கி ஏறிப் படம் எடுக்க இன்னும் 30. ஆக 9.05. மூட்டம் ஏறுறது பெரும்பாலும் 9க்கும் 10க்கும் நடுவுல. இதுக்கு மேல என்ன சொல்ல?

பருத்தித்துறைப் பனங்கொட்டை
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லி எழுத என்ன வெக்கம்?

9க்கும் 10க்கும் நடுவில மூட்டம் எண்டு நீங்களே எழுதிப்போட்டு, 9.05க்குப் போனால் ஒண்டும் தெரியாது எண்டுறியள். முகில் என்ன, கச்சேரி உத்தியோகத்தரோ, 9 மணிக்குக் கையெழுத்து வைக்க?

அருவிப் பக்கத்தால முதல் போகச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. காலமை வாற சனம் முழுக்க சின்ன உலக முடிவுப் பக்கம்தான் போகும். ஒடுங்கின பாதையில ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கொண்டு நடக்கவேணும். மற்றது, அருவிக்கு இறங்குற படி செங்குத்து, ஈரம், வழுக்கும். அதை உடம்பு புதுசா இருக்கேக்க இறங்கி ஏறுறது நல்லதோ, 6 கி.மீ. நடந்து முழங்கால் நடுங்கேக்க இறங்கி ஏறுறது நல்லதோ?

கந்தப்பளைக் குளிர்
//முகில் என்ன, கச்சேரி உத்தியோகத்தரோ//

முகில் எப்படி வருதுன்னு தெரிஞ்சா இந்தப் பகிடி வராது. சமவெளி 2,100 மீட்டருக்கு மேல. தெற்கு விளிம்புல நிலம் அப்படியே அறுந்து விழுது. வெயில் ஏற ஏறக் கீழ பள்ளத்தாக்கிலிருக்கிற ஈரக் காத்து சூடாகி அந்தப் பாறைச் சுவரோட மேல ஏறும். ஏறும்போது குளிரும், குளிர்ந்தா மூட்டம். அதனாலதான் ஃபார் இன்ல வெயில் அடிச்சுக்கிட்டிருக்கும்போதே உலக முடிவுல ஒண்ணும் தெரியாது. விளிம்புதான் முதல்ல மூடும்.

பேக்கர் அருவி 20 மீட்டர். பக்கத்துல நின்னு பார்க்கிறது. மூட்டம் வந்தாலும் தெரியும், பகல் 11 மணிக்கும் தெரியும். விளிம்புக்கு நேரம் இருக்கு, அருவிக்கு நேரம் கிடையாது. அருவி எங்கேயும் ஓடிப் போயிடாது.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
அருவி ஓடிப் போகாதோ? அப்ப அது குளம்.

வெள்ளவத்தை வேதாளம்
தொடங்கியாச்சு. தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்.

ஊட்டி உருளை
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். உலக முடிவுல 4,000 அடி நேர் பாதாளம்னு பல இடத்துல போட்டிருக்காங்களே, அது நிஜமா? அப்புறம் பார்க்கிங் பக்கத்துல மான் கூட்டம் கையில வாங்கிச் சாப்பிடுமாமே, குழந்தைங்களோட வர்றோம், என்ன கொண்டு வரலாம்? டென்ட் போடவும் ஆசை. சோலைக்காடும் புல்வெளியுமா எங்க நீலகிரி மாதிரியே இருக்குங்கிறதால ஒரு ஆர்வம்.

கந்தப்பளைக் குளிர்
மான் கிடையாது, மரை. ஒண்ணும் கொண்டு வர வேண்டாம், ஒண்ணும் கொடுக்க வேண்டாம். தீனி போட்டுப் பழக்கினதாலதான் அதுங்க காட்டுல மேயாம வண்டிக் கதவுல மூக்கை வைக்குதுங்க. உப்பு, சீனி, சில நேரம் பொலித்தீனோட சேர்த்தே முழுங்கும். கொம்பு உள்ள ஆண் மரை தலையைத் திருப்பினாலே பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு ஆபத்து.

4,000 அடியும் இருக்கு, 870 மீட்டரும் இருக்கு, ரெண்டுமே அச்சில வந்த கணக்கு. 870 மீட்டர்னா ஏறக்குறைய 2,850 அடி. ஒரே நேர்ச்சுவரா கீழ வரைக்கும் இறங்கல. மேல பாறை, கீழ காடு மூடின சரிவு. எங்க வரைக்கும் அளக்கிறாங்கங்கிறதுலதான் வித்தியாசம்.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
பாத்தியளோ? ஆழத்துக்கு மட்டும் "எங்க வரைக்கும் அளக்கிறது" எண்டு இழுபடுவார். 9.05க்கு மட்டும் இழுபட மாட்டார்.

ஊட்டி உருளை
மரையா? அந்த உருவத்துக்கு எங்க ஊர்ல மிளா இல்லன்னா கடமான்னு சொல்லுவோம். கடமானும் மான்தானே சார்?

பருத்தித்துறைப் பனங்கொட்டை
இலங்கைக்கு வந்தால் மரைதான். நாங்கள் நீலகிரிக்கு வந்து உங்கட மிளாவுக்குப் பேர் வைக்கேல்லையே.

ஊட்டி உருளை
அப்போ "ஹோர்ட்டன்" மட்டும் யார் வச்ச பேர்? வெள்ளைக்கார கவர்னர் பேரை விட்டுட மனசு வராது, கடமானுக்கு மட்டும் கோவம்.

வெள்ளவத்தை வேதாளம்
"மகா எலிய" எண்டு சிங்களத்தில பழைய பேர் இருக்கு. அதைத் தொட்டால் இந்த இழை அடுத்த பொங்கல் வரைக்கும் போகும். விடுங்கோ.

கந்தப்பளைக் குளிர்
டென்ட் கேட்டவருக்கு. நினைச்ச இடத்துல அடிக்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்துல முன்கூட்டியே இடம் பதிஞ்சு, அந்தச் சீட்டோட வரணும். ஜனவரி, பெப்ரவரி ராத்திரியில புல்லு மேல உறைபனி பிடிக்கும். தரை எப்பவும் ஈரம், அதனால கீழ போடுற மெத்தைதான் முக்கியம், மேல போர்த்துறது ரெண்டாவது. குளிருதுன்னு டென்ட்டை முழுக்க மூடினா மூச்சுக் காத்தே உள்பக்கம் தண்ணியா வழிஞ்சு விடியக்காலம் படுக்கை நனைஞ்சிருக்கும். மேல் ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வைங்க.

அடுப்புதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். சாதாரண பியூட்டேன் கேன் பூஜ்ய பாகைக் கிட்ட ஆவியாகவே ஆகாது. 3, 4 பாகையிலேயே தீ சிணுங்கும், ஏன்னா எரிய எரியக் கேனும் தானா குளிரும். புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்க. இல்லாட்டி சமைக்க முன்னால அரை மணித்தியாலம் கேனை ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கங்க. நெருப்புல காட்டிச் சூடாக்குறது மட்டும் வேண்டாம். அந்த உயரத்துல தண்ணி 93 பாகையிலேயே கொதிச்சிடும், சிவப்பரிசி லேசில வேகாது. ஊறவச்ச வெள்ளைப் பச்சரிசி, மைசூர்ப் பருப்பு, அதோட நிறுத்திக்கங்க.

டென்ட்ல தங்கினா இன்னொரு லாபம், வாசல் வரிசை கிடையாது. விடிஞ்சதும் நடக்கலாம். அப்பவும் உலக முடிவுதான் முதல்.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
அடுப்பிலயும் கொண்டுவந்து உலக முடிவைச் செருகிப்போட்டார்.

டென்ட்காரர் விடியவே நடக்கலாம் எண்டால், 5.5 கி.மீ. போனாலும் 8.30க்கு முந்தி விளிம்பில நிக்கலாம். அப்ப உங்கட 9.05 எங்க போச்சு? நான் சொன்ன வழி அவைக்குச் சரிதானே? ஓமெண்டு ஒருக்கா எழுதுங்கோவன்.

கந்தப்பளைக் குளிர்
காலையில வாகனத்துல வர்றவங்களுக்குச் சொல்ற ஆலோசனைக்கு டென்ட்ல தங்குற ஒருத்தரைச் சாட்சிக்கு இழுக்கிறீங்க. சிவனொளிபாதமலை இழையிலயும் இதேதான். இரத்தினபுரிப் பாதையையும் நல்லதண்ணிப் பாதையையும் ஒண்ணாக் குழப்பிட்டு, கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
அதை இன்னும் மறக்கேல்லையோ! அந்த இழையில நான் படியைப் பற்றிக் கதைச்சனான், நீங்கள் தூரத்தைப் பற்றிக் கதைச்சனியள்.

கந்தப்பளைக் குளிர்
இங்கயும் அதேதான். நான் மூட்டத்தைப் பத்திக் கதைக்கிறேன், நீங்க முழங்காலைப் பத்தி. முழங்காலுக்கே வாங்க. அருவிப் படியை முதல்ல இறங்கினாலும் கடைசியில இறங்கினாலும் படி எண்ணிக்கை மாறாது. கடைசியில வந்தா ஒரு சௌகரியம், முடியாதவங்க மேலேயே நின்னுக்கலாம். முதல்ல போய் அங்கேயே கால் பிடிச்சுக்கிட்டா மீதி வட்டத்தை யார் தூக்கிட்டுப் போறது? உலக முடிவைப் பார்க்காமலே திரும்பணும்.

வழியில கவனிக்க வேண்டியதைச் சொல்லிடறேன், இவரோட மல்லுக்கட்டில அது விட்டுப் போகும். மழைத் தண்ணி அரிச்சுப் பாதை நடுவுல பள்ளம் விழுந்திருக்கு, ரப்பர்ச் செருப்போட வராதீங்க. பாதையை விட்டுப் புல்லுல இறங்காதீங்க. மூட்டத்துல புல்வெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், திரும்பி வர்ற பக்கம் தெரியாது. குளிர்தானேன்னு தொப்பி இல்லாம வந்தா அந்த உயரத்து வெயில் பின்கழுத்தை உரிச்சிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி.

வண்டியில இறங்கும்போது ரெண்டாம் கியர்லயே விடுங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போகும். மூட்டத்துல ஹை பீம் போட்டா வெளிச்சம் உங்க கண்ணுக்கே திரும்பி வரும், லோ பீம் போதும்.

ஊட்டி உருளை
இது எல்லாம் சரி. கிரிகல்பொத்தை ஏற முடியுமா? இலங்கையோட ரெண்டாவது உயரமான மலையாமே.

கந்தப்பளைக் குளிர்
2,388 மீட்டர். ஃபார் இன் பக்கமிருந்துதான் பாதை, போக மட்டும் 7 கி.மீ. அளவுக்கு வரும். உலக முடிவும் அதுவும் ஒரே நாள்ல வேண்டாம். குடும்பத்தோட ஒரு உச்சி ஏறணும்னா தொட்டுப்பொல கந்த, 2,357 மீட்டர், பட்டிப்பொல வாசல்லேருந்து வர்ற வீதியோரத்துலேயே ஏத்தம் தொடங்கும். ரெண்டு மணித்தியாலத்துல ஏறி இறங்கிடலாம்.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
ஏறி இறங்கிப்போட்டு எந்தப் பக்கத்தால வட்டம் போறது எண்டும் சொல்லுங்கோ, குறை வைக்காமல்.

அப்புத்தளை அந்தி
புதுசா வாசிக்கிறேன். நாங்க அப்புத்தளைப் பக்கமிருந்து ஓஹிய வாசலால வர்றோம். அந்தப் பக்கத்தால வந்தா எது முதல்ல?

கந்தப்பளைக் குளிர்
எந்த வாசலால வந்தாலும் நடை தொடங்குறது ஃபார் இன்லதான். ஓஹிய வீதி ஒடுக்கம், எதிர்ல வேன் வந்தா ஒருத்தர் பின்னால எடுக்கணும். அதுக்குப் பதினைஞ்சு நிமிஷம் கூடவே வைங்க. ரயில்ல வந்து ஓஹிய ஸ்டேஷன்ல இறங்கினா ஏறக்குறைய 11 கி.மீ. ஏத்தம், நடந்தா மூணு மணித்தியாலம். பகல் ரயிலை நம்பி உலக முடிவு பார்க்க வராதீங்க. 4 கி.மீ. பக்கம் முதல்ல.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
பதினைஞ்சு நிமிசம் கூடினால் உங்கட 8.05, 8.20. பை சோதனையில இன்னும் இருவது போனால் 8.40. பிள்ளையளோட மணிக்கு 2 கி.மீ.தான் எண்டால் 9.20. அப்ப உங்கட பக்கத்தால போனாலும் வெள்ளை வேட்டிதான்.

கந்தப்பளைக் குளிர்
அதே பிள்ளைங்களோட உங்க பக்கத்தால போனா 10.35. கூட்டிப் பாருங்க.

பருத்தித்துறைப் பனங்கொட்டை
10.35க்கு மூட்டம் கலைஞ்சிருக்கும்.

வெள்ளவத்தை வேதாளம்
தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அப்புத்தளை அந்தி
அப்போ எது முதல்ல?